400 மி.மீ. இலகு ஆடி: ஒட்டில் குறை, மாற்றித் தரக் கோரிக்கை

அனுப்புநர்: ஒளியியல் பிரிவு (வாடிக்கையாளர்)
பெறுநர்: மேலாளர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு
பொருள்: ஸெரோடூர் (வெப்பத்தில் ஏறக்குறைய விரியாத கிளாஸ் செராமிக்) ஆடியின் ஒட்டுகளில் குறைபாடு

ஐயா,

தாங்கள் அனுப்பிய ஆடியைச் சோதித்தோம். 8 மி.மீ. முன்தட்டு, 46 மி.மீ. தேன்கூட்டு நடுப்பாகம், 6 மி.மீ. பின்தட்டு எல்லாம் அளவில் சரி. எடையும் சுமார் 6.7 கிலோ, ஒரே கட்டியாகச் செய்திருந்தால் 19 கிலோ ஆகியிருக்கும். கிளாஸ் செராமிக் மீதும் குறை இல்லை. குறையெல்லாம் ஒட்டில்தான்.

ஒப்பந்தப்படி மூன்று பாகங்களையும் சோடியம் சிலிக்கேட் கரைசலால் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டு நன்றாக அமைந்தால் முன்தட்டின் வழியே பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாது. இங்கே தேன்கூட்டின் வெளிவட்ட அறைச் சுவர்களின் மேல் குறுக்கீட்டு வரிகள் (மெல்லிய இடைவெளி இருந்தால் ஒளியில் தோன்றும் பட்டைகள்) தெரிகின்றன. சோடியம் விளக்கில் சில இடங்களில் ஐந்து வரிகள். ஒரு வரிக்கு 295 நானோமீட்டர் என்றால், இடைவெளி ஏறத்தாழ 1.5 மைக்ரான். சிலிக்கேட் ஒட்டின் கனமோ 100 நானோமீட்டர் அளவுதான். இந்த இடைவெளியை அது நிரப்பாது. ஆகவேதான் ஒட்டும் முகங்களுக்கு 63 நானோமீட்டர் சமதளத் துல்லியம் கேட்டிருந்தோம். உங்கள் சோதனைத் தாளில் இரு தட்டுகளின் அளவீடு இருக்கிறது, நடுப்பாகத்தின் அளவீடு இல்லை. 3 மி.மீ. அகலச் சுவரைப் பாலிஷ் செய்தால் அதன் விளிம்பு உருண்டுவிடும் என்பது தெரிந்த விஷயம். அளக்க வேண்டியதே அந்த முகத்தைத்தான்.

அடுத்தது இன்னும் மோசம். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் அதே சுவர்களின் ஓரம் நீலமாக ஒளிர்கிறது. சிலிக்கேட் அப்படி ஒளிராது, எபாக்சி என்னும் செயற்கைப் பிசின் ஒளிரும். விட்டுப்போன இடங்களில் எபாக்சி தடவி மறைத்திருக்கிறார்கள் என்றே கருதுகிறோம். மேசைக் கருவிக்கு எபாக்சி தாராளமாகப் போதும். இந்த ஆடி வெற்றிடத்துக்குப் போகிறது: எபாக்சி அங்கே வாயு விடும், இறுகும்போதே சுருங்கி, சுவர்களின் தடத்தை முன்தட்டில் பதித்துவிடும். அதன் வெப்ப விரிவு டிகிரிக்கு மில்லியனில் 50 பங்கு அளவு, ஸெரோடூரினுடையது 0.1 பங்குக்கும் கீழ்.

ஆறு அறைகளில் காற்றுத் துளையும் இல்லை. 50 மி.மீ. அறுகோண அறையில் அடைபட்ட காற்று, வெற்றிடத்தில் முன்தட்டை சுமார் 220 நியூட்டன் விசையுடன் தள்ளும். அரைகுறை ஒட்டு அதைத் தாங்காது.

ஒட்டிய தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் இடையே ஒன்பது நாள்தான் என்று உங்கள் பட்டியலே காட்டுகிறது. அறை வெப்பநிலையில் முழு வலிமைக்கு நான்கு வாரம் வேண்டும்.

தொலைபேசியில் தங்கள் பொறியாளர் இரண்டு வழி சொன்னார். பிரித்து மறுபடி ஒட்டலாம் என்றார். கரைசல் இறுகுவதற்கு முன்பு என்றால் முடியும். இறுகியபின் இழுத்தால் செராமிக்கே செதிலாகப் பெயர்ந்து வரும். கண்ணாடித் தூள் வைத்து 900 டிகிரியில் உருக்கி ஒட்டலாம் என்பது மற்றொன்று. ஸெரோடூரின் உச்ச வரம்பு 600 டிகிரி. அதைத் தாண்டினால் படிக அமைப்பு மாறி, விரிவு பூஜ்யத்துக்கருகில் நிற்காது. இரண்டையும் ஏற்க இயலாது. சிலிக்கேட் ஒட்டை நம்ப முடியாது என்றும் அவர் சொன்னார். ஆனால் 2015 டிசம்பரில் ஏவப்பட்ட லிசா பாத்ஃபைண்டர் விண்கலத்தின் ஸெரோடூர் ஒளியியல் மேடையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் கண்ணாடிகளை ஒட்டியது இதே முறையில்தான்.

ஆகவே புது நடுப்பாகத்துடனும் புதுத் தட்டுகளுடனும், மூன்றும் ஒரே வார்ப்பிலிருந்து எடுத்து, வேறொரு ஆடி செய்து தர வேண்டும். நடுப்பாகத்தின் இரு முகங்களின் அளவீட்டு வரைபடமும் வேண்டும். கரைசல் ஒரு பங்கு சிலிக்கேட்டுக்கு ஆறு பங்கு நீர், 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது, சதுர செ.மீ.க்கு 0.4 மைக்ரோலிட்டர், அதாவது முகத்துக்கு 75 மைக்ரோலிட்டர் போதும். கரைசல் விட்டபின் தட்டை நகர்த்த நேரமிருக்காது. நிலைநிறுத்தும் சட்டம் இல்லாமல் 400 மி.மீ. தட்டை இறக்காதீர்கள். வெளிவட்டத்தில் மட்டும் குறை இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதே கரைசலில் ஒட்டிய மூன்று மாதிரித் துண்டுகளைத் தனியே அனுப்புங்கள். அவற்றை நாங்கள் உடைத்துப் பார்ப்போம்.

மாற்று ஆடி இந்தச் சோதனைகளில் தேறும்வரை மீதி 30 சதவீதத் தொகை நிறுத்தி வைக்கப்படும். பழைய ஆடியை உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம். வரிகளின் படங்களும் புற ஊதாப் படங்களும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
ஒளியியல் பிரிவு