ஓகஸ்ட் கடைசி ஞாயிறு

டூங்காபி, சிட்னி,
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள மகன் சேந்தனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் கடதாசியில் எழுதுகிறேன். இதை நீ படித்தாயா என்பது எனக்குத் தெரியவராது. இருவருக்கும் அது நல்லது.

பெரியம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முருங்கை இந்த முறை குளிருக்குத் தப்பிவிட்டது. மற்றச் செய்திகளை அம்மா சொல்லியிருப்பாள்.

ஓகஸ்ட் 31 ஞாயிறு உனக்கு அழைப்பு எடுத்தேன். நீ எடுக்கவில்லை. அன்று அவுஸ்திரேலியா முழுவதும் குடிவரவுக்கு எதிரான ஊர்வலம். ஐந்து வருடத்தில் வந்த இந்தியர்கள், நூறு வருடத்தில் வந்த கிரேக்கரையும் இத்தாலியரையும் விட அதிகம் என்று துண்டுப் பிரசுரம் பரப்பியிருந்தார்கள். மெல்பேர்ணில் நவநாஸிகள் மேடையேறிப் பேசினார்கள். அன்றைக்கே ஆதிக்குடி மக்களின் முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்தது. நகரத்துப் பக்கம் போகாதே என்று சொல்லத்தான் அழைத்தேன். யாராவது உன்னை ஏதும் செய்துவிடுவார்களோ என்பதுதான் அன்றைய பயம். அடுத்த கிழமை உன் மச்சாள் ஒரு விடயம் சொன்னாள். அதன் பிறகு பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

குடும்பக் குழுவில் நீ போட்டுவிட்டு உடனே அழித்த குடிவரவு வரைபடத்தை நான் பார்த்துவிட்டேன். கணக்கில் பிழையில்லை. 2022-23 இல் நிகரக் குடிவரவு, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, ஐந்து லட்சத்தைத் தாண்டியது உண்மை. கொவிட் காலத்தில் எல்லையைப் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால், காத்திருந்த மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வருவார்கள். அதை அந்த வரைபடம் சொல்லவில்லை. சுரங்கம் தோண்டுகிற பொறியியலாளன் நீ. ஒரு கோடு ஏன் மேலே போகிறது என்று கேட்காமல் விடுகிறவனா? (உன் பிரிஸ்பேன் குறொஸ் ரிவர் ரெயில் பற்றிப் பத்திரிகையில் படம் வந்தால் இன்றும் வெட்டி வைக்கிறேன். முப்பது வருடம் ரயில்வேப் பட்டறையில் நின்றவனின் மகன் ஆற்றுக்கு அடியில் பாதை போடுகிறான் என்று கோவிலில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.)

நீ மட்டும் அப்படி நினைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். லோவி நிறுவனம் இந்த வருடம் கருத்துக்கணிப்பில் கேட்டபோது 53 சதவீதம் பேர் குடிவரவு மிக அதிகம் என்றார்கள். ஸ்கான்லன் நிறுவனத்தின் ஆய்வில் அப்படிச் சொன்னவர்கள் 2023 இல் 33 சதவீதம், 2024 இல் 49. ஆனால் அதே 2024 ஆய்வில் 85 சதவீதம் பேர் பல்பண்பாடு இந்த நாட்டுக்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் கூடிவிட்டது என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டால் நல்ல மனிதன் என்பார்கள். மே மாதத் தேர்தலில் என்ன நடந்தது? நிரந்தரக் குடிவரவை 1,85,000 இலிருந்து 1,40,000 ஆகக் குறைப்பேன் என்ற எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன், 2001 இலிருந்து வைத்திருந்த உன் டிக்சன் தொகுதியையே இழந்தார். தொழிற்கட்சிக்கு 150 ஆசனத்தில் 94. நீ யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. வாக்கு உன்னுடையது.

அது நினைவுக்கு வருகிறது: புது வாடகை வீட்டுக்கு மாறி ஆறேழு மாதம் ஆகிறது, வாக்காளர் பதிவில் முகவரியை மாற்றினாயா? மாற்று. வாக்களிக்காவிட்டால் தண்டம் இருபது டொலர்தான், ஆனாலும் நம் குடும்பத்தில் அதைக் கட்டியவர் ஒருவரும் இல்லை.

ஊர்வலத்துக்குச் சில நாள் முன்பு பாராளுமன்ற உறுப்பினர் பொப் கட்டரைத் தொலைக்காட்சியில் பார்த்தாயா? ஊர்வலத்துக்கு ஆதரவு சொல்ல வந்தவரிடம், உங்கள் பாட்டனார் லெபனானிலிருந்து வந்தவர் அல்லவா என்று நிருபர் கேட்கத் தொடங்கினார். எண்பது வயது மனிதர் முட்டியை மடக்கிக்கொண்டு நிருபரின் முகத்துக்கு நேரே போனார். அப்படிச் சொன்னவர்களின் வாயில் குத்தியிருக்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரவு நித்திரை வரவில்லை. உன் மகன் வளர்ந்த பிறகு அவனிடம் யாராவது உன் அப்பப்பா எங்கிருந்து வந்தவர் என்று கேட்டால் அவனும் முட்டியை மடக்குவானோ என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

செப்டெம்பரில் செனட்டர் ஜசின்டா பிரைஸ், தொழிற்கட்சி தனக்கு வாக்குப் போடுவார்கள் என்று இந்தியர்களைக் கொண்டுவருகிறது என்ற தொனியில் பேசினார். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, தன் கட்சியின், அதாவது எதிர்க்கட்சியின், தலைவி சூசன் லேக்கு ஆதரவு சொல்லவும் இல்லை. நிழல் அமைச்சிலிருந்து விலக்கப்பட்டார். அந்தக் கிழமை நம் இலங்கைத் தமிழர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "இது இந்தியர்களின் பிரச்சினை, எங்களுடையது இல்லை" என்றார். பலர் தலையாட்டினார்கள். ரயிலில் முறைத்துப் பார்க்கிறவன், பலாலியா பஞ்சாப்பா என்று விசாரித்துவிட்டா முறைப்பான்? நீ இங்கே பிறந்தவன், உன் பேச்சிலே நம் வாடை துளியும் இல்லை. ஆனால் முகம் பேச்சுக்கு முந்திப் போய் நிற்கும்.

உனக்கு இது புதிது, எனக்கு இல்லை. நாங்கள் வந்து இறங்கியது 1988. அந்த ஓகஸ்டில்தான் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஜோன் ஹவார்ட் ஆசியக் குடிவரவின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார். அதற்கு நான்கு வருடம் முன்பே வரலாற்றுப் பேராசிரியர் பிளேனி அதைத் தொடக்கி வைத்திருந்தார். 1996 செப்டெம்பரில் போலின் ஹான்சன் பாராளுமன்றத்தில் கன்னியுரை ஆற்றி, ஆசியர்களால் நாடு மூழ்கடிக்கப்படும் ஆபத்து இருக்கிறது என்றார். மறுநாள் பட்டறைத் தேநீர் அறையில் என் கதிரைமேல் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார்கள், அவருடைய படம் மேலே தெரிய. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியாது. நான் அதை விரித்து மேசையில் போட்டு, அதன்மேல் பெட்டியைத் திறந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். குழம்பு கொஞ்சம் அவருடைய தலைமயிரில் ஊற்றுண்டது. ஒருவரும் பேசவில்லை. அடுத்த கிழமை வெல்டர் வேலை செய்த கிழவர், எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றத் தொடங்கினார். ஓய்வு பெறும்வரை ஊற்றினார்.

1998 தேர்தலுக்கு உன்னையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஏழு வயது. வாசலில் நின்றவர்கள் நீட்டிய துண்டுகளை எல்லாம் நிறம் பார்த்துச் சேர்த்தாய். அட்டைத் தடுப்புக்குள் பச்சை வாக்குச் சீட்டை விரித்து, எல்லாப் பெட்டிக்கும் ஏன் எண் போடுகிறீர்கள் என்று உரத்துக் கேட்டாய். அந்த முறை குயின்ஸ்லாந்தில் பிளேயர் தொகுதியில் ஹான்சன்தான் முதல் விருப்பு வாக்கில் முன்னுக்கு நின்றார். மற்றவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்தடுத்த விருப்புகளை எண்ணிய பிறகு தோற்றார். முதலாவதாக வந்தவர் எப்படித் தோற்கலாம் என்று நீ இரண்டு நாள் என்னைக் குடைந்தாய். சோற்றுப் பருக்கைகளை வைத்து விளங்கப்படுத்தினேன். வகுப்பில் போய் நீயே ஆசிரியைக்கு விளங்கப்படுத்தினாய் என்று அறிக்கையில் எழுதி அனுப்பினார்கள்.

இனி ரஞ்சன் விடயம். அவனுக்கு ஏன் நீ அழைப்பு எடுப்பதில்லை? 2012 இல் படகில் வந்து இறங்கியவனுக்கு உன் அறையைக் கொடுத்து, உன் பழைய பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நீ. இன்றும் அவனுக்கு இடைக்கால விசாதான். 2023 இல் தற்காலிக விசாவில் இருந்த பத்தொன்பதாயிரம் பேரளவில் நிரந்தரமாவதற்கு வழி திறந்தபோது, விண்ணப்பம் மறுக்கப்பட்ட இவனைப் போன்றவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. இந்த நாட்டின் பாதிப்பேர் "கூடிவிட்டது" என்று சொல்லும்போது அவன் அந்தக் கணக்கில் ஒருவன். அவனிடம் நீ என்ன சொல்வாய்? அழைப்பு எடு. அவன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

உன் மாநிலத்துப் பிலோவீலாவை நினைத்துப் பார். இறைச்சித் தொழிற்சாலையும் மாட்டுப் பண்ணையும் உள்ள ஊர்; லிபரல் நஷனல் கட்சியைத் தெரிவுசெய்கிற தொகுதி. 2018 மார்ச்சில் விடியற்காலையில் நம் தமிழ்க் குடும்பத்தை இரண்டு சின்னக் குழந்தைகளோடு குடிவரவு அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஊர்ப் பெண்கள்தான் தெருவில் இறங்கினார்கள். மனு எழுதினார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், நான்கு வருடம் ஓயவில்லை. 2022 ஜூனில் குடும்பம் ஊருக்குத் திரும்பியது, ஓகஸ்டில் நிரந்தர விசா. அந்த ஊரில் போய்க் குடிவரவு கூடிவிட்டதா என்று கேட்டால் பாதிப்பேர் ஆமென்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே வாயால்தான் இவர்களை விடுங்கள் என்றார்கள்.

உன் கோபம் வீட்டைப் பற்றியது. அது எனக்கு விளங்காமல் இல்லை. இரண்டு பேர் உழைத்தும் பிரிஸ்பேனில் ஒரு வீடு வாங்க முடியவில்லை, திறந்து காட்டும் வீடுகளில் வரிசை தெருவரைக்கும் நிற்கிறது என்று மருமகள் சொன்னாள். அந்த வரிசையில் உனக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்று பார்த்தாயா? மாணவர்களா? நான் வாடகைக்கு விட்டிருக்கும் பென்டில் ஹில் யூனிட்டில் இருப்பவர்கள் இரண்டு நேபாளப் பிள்ளைகள். இரவில் முதியோர் இல்லத்தில் வேலை, பகலில் படிப்பு. அவர்கள் உன் வீட்டை எடுக்கவில்லை, என் கடனைக் கட்டுகிறார்கள். வாடகைக்கு மேலே போகும் வட்டியை நட்டமாகக் காட்டிச் சம்பள வரியில் கழித்தவன் நான். நெகட்டிவ் கியரிங் என்று உனக்கு முதன்முதலில் சொல்லித்தந்ததும் நான்தான். 2019 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் பில் ஷோர்ட்டன் அதைப் புது வீடுகளுக்கு மட்டும் என்று ஆக்கி, மூலதன ஆதாய வரிச் சலுகையையும் பாதியாக வெட்டப்போகிறேன் என்றார். கருத்துக்கணிப்பு எல்லாம் தொழிற்கட்சி வெல்லும் என்றன. லிபரல் கட்சியின் மொரிசன் வென்றார். என்னிடம் யாராவது தொலைபேசியில் கேட்டிருந்தால் நானும் தொழிற்கட்சி என்றுதான் சொல்லியிருப்பேன். பச்சைச் சீட்டில் போட்டது வேறு. அது பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். சட்டம் தந்த வசதி, நான் ஒருவன் மட்டும் எடுக்கவுமில்லை. ஆனால் நீ ஒருவனைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால், விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிற பெடியனைத் தேடிப் போகாதே. டூங்காபிக்கு வா.

அம்மாவோடு கதைத்துவிட்டேன். பெப்ரவரியில் அந்தப் பிள்ளைகளின் ஒப்பந்தம் முடிகிறது. அவர்களுக்கு வேறு இடம் கிடைத்த பிறகு யூனிட்டை விற்கலாம் என்று இருக்கிறோம். இந்த மாதத்திலிருந்து முதல் வீட்டுக்கு ஐந்து சதவீத முற்பணம் போதும் என்று அரசாங்கம் சொல்கிறதுதான். ஆனால் மீதிக் கடனுக்கு வட்டி யார் கட்டுவது? இருபது சதவீதமாவது போடு. வரி போக வருவதில் உன் பங்கு அதற்குக் காணும். அக்காவுக்கும் சொல்லிவிட்டேன், அவளுக்கு மறுப்பில்லை. நிபந்தனை ஏதும் போடாதீர்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள், ஆகவே நான் போடவில்லை.

தீபாவளிக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. பயற்றம் பணியாரம் மச்சாளிடம் கொடுத்து அனுப்புகிறோம். குட்டிக்கு முறுக்கு தனியாகக் கட்டியிருக்கிறது. முகவரிப் பதிவை மாற்று. ரஞ்சனுக்கு அழைப்பு எடு. எனக்கு எடுப்பதென்றால் செவ்வாய் இரவு ஏழுக்குப் பிறகு எடு; அம்மா அந்த நேரம் பண்ணிசை வகுப்பில் இருப்பாள், நான்தான் தொலைபேசியை எடுப்பேன்.

இப்படிக்கு
அப்பா