கற்பிட்டியில் அந்தப் பறவையைக் காட்டித் தந்தவர்களுக்கு

அன்பான நானா, ராத்தா, கொழும்பிலிருந்து படங்களைப் பார்த்துத் தந்த அக்கா,

களப்பின் மேல் நாம் கண்டது கிறிஸ்மஸ் தீவு பிரிகேட் என்ற கடற்பறவைதான், வளர்ந்த பெண். இதை இவ்வளவு உறுதியாக எழுத முடிவது உங்களால்தான்.

நானா, சோளகம் வீசும் காலம், வெளிக்கடலுக்குப் போக வழியில்லை என்று களப்புக்குள் கூட்டிப் போனீர்கள். ஆலாக்களை விரட்டி மீன் பறித்துக்கொண்டிருந்த பிரிகேட் கூட்டத்தில் “அந்த ஒன்று மற்றதுகளை விடப் பெரிசு” என்று முதலில் சொன்னவரும் நீங்கள்தான். அப்புறம் என்ஜினை நிறுத்தி, அது தலைக்கு நேர் மேலே வரும்வரை பொறுத்திருந்தீர்கள். வயிற்றுப் பக்கப் படம் கிடைத்தது அந்தப் பொறுமையால்.

அக்கா அந்தப் படத்தைத்தான் கேட்டார். பக்கவாட்டுப் படங்களை வைத்து அவர் ஆமென்று சொல்லவே இல்லை. அதற்காகவே அவருக்குத் தனி நன்றி. கற்பிட்டிக்கு அதிகம் வருவது சின்ன பிரிகேட் என்ற வேறு இனம். அதன் பெண்ணுக்கும் தொண்டை கறுப்பு, நெஞ்சு வெள்ளை, அந்த வெள்ளை அக்குள் வரை நீளும். ஆனால் வயிறு கறுப்பு. பெரிய பிரிகேட் என்ற இன்னோர் இனத்தின் பெண்ணுக்குத் தொண்டையே சாம்பல். கறுப்புத் தொண்டையும், வயிறு வரை இறங்கும் வெள்ளையும் சேர்ந்திருந்தால்தான் இது. ஆணாக இருந்திருந்தால் இத்தனை பாடில்லை: உடம்பெல்லாம் கறுப்பு, வயிற்றில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

இப்படித் துருவிப் பார்ப்பது வீண்வேலை இல்லை. ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டரில் இருக்கும் அந்த அவுஸ்திரேலியத் தீவைத் தவிர இந்த இனம் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. அங்கேயும் பொஸ்பேற்றுச் சுரங்கத்துக்காகக் காடு அழிந்தது. ஒரு முறைக்கு ஒரே முட்டை. குஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் இரை ஊட்ட வேண்டும். அங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், நம் களப்பில் ஒன்று தென்பட்டால் அதைச் சரியாகப் பதிவு செய்வது நம் கடமை.

ராத்தா, நேரம் கெட்ட நேரத்தில் வந்து நின்றபோதும் சோறும் மீனாணமும் தந்து உபசரித்தீர்கள். மறக்க மாட்டேன்.

நானா, படத்தின் பெரிய பிரதிகள் தபாலில் வருகின்றன. ஒன்று உங்களுக்கு, மற்றது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. இனியும் பெரிசாக ஒன்று வந்தால் முதலில் வயிற்றைப் பாருங்கள். வெள்ளையென்றால் எந்த நேரமானாலும் கோல் எடுங்கள், உடனே புறப்பட்டு வருகிறேன்.