கைக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் எழுதித் தந்தவர்களுக்கு

அன்புள்ள பிரதேச செயலக மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் மிஸ்ஸுக்கும், பக்கத்து மேசை சேருக்கும், பசறையில் போறணையைத் திறந்துவிட்ட முதலாளிக்கும், பழைய பேக்கரியில் என்னோடு வேலை செய்து, கொழும்பிலிருந்து கடிதம் அனுப்பிய பாஸ் அண்ணனுக்கும் வணக்கம்.

உங்கள் பெயர்களைப் போடவில்லை. மிஸ் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மற்றவர்களுடையதை மட்டும் போடுவது முறையாகப் படவில்லை. நேரிலும் போனிலும் நன்றி சொன்னதுதான். ஆனாலும் நாலு பேர் வாசிக்கும்படி எழுத ஒரு காரணம் உண்டு. பிரதேச செயலகத்துக்குள் வேலை தேடுபவருக்கென்று ஒரு மேசை இருப்பது எனக்கு 27 வயது வரை தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்னும் பல பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை பையன்கள் வெறுங்கையோடு கொழும்புக்கு பஸ் ஏறாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நானும் அப்படித்தான் ஏறினேன். 2013இல் ஓ.எல். எழுதினேன், கணிதம் போய்விட்டது. பெறுபேறு வந்த கையோடு மாமா ஒரு பேக்கரியில் கொண்டுபோய் விட்டார். முதல் வருடம் தட்டுக் கழுவினேன், விறகு அடுக்கினேன். இரண்டாம் வருடம் மாவில் கை வைக்க விட்டார்கள். அதன் பிறகு இறாத்தல் பாண், ரோஸ் பாண், கிம்புலா பணிஸ், மாலு பணிஸ் என்று எல்லாம் பழகி, கடைசி மூன்று வருடம் இரவுப் போறணை முழுக்க என் பொறுப்பில் இருந்தது. 2022இல் கோதுமை மாவும் இல்லை, கேஸும் இல்லை, டீசலும் இல்லை. பேக்கரியைப் பூட்டினார்கள். எட்டு வருடம் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு துண்டுக் கடிதம்கூடக் கிடைக்கவில்லை. ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை, அது இந்த மடலுக்குத் தேவையுமில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வருடம் கிடைத்த கொந்தரப்பு வேலை எல்லாம் செய்தேன். அம்மா விடிய எழும்பிக் கொழுந்துக்குப் போவார். எடை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அந்த நேரத்தில்தான் ஒருவர் லயத்துக்கு வந்தார். வளைகுடாவில் பேக்கரி வேலை, மாதம் இவ்வளவு, பாஸ்போர்ட்டும் ஒன்றரை இலட்சம் முற்பணமும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் பிளேன் ஏறலாம் என்றார். அம்மா தோட்டைக் கழற்றித் தாளில் சுற்றி வைத்துவிட்டார். பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டும், அதற்காகத்தான் நான் பிரதேச செயலகத்துக்கே போனேன்.

பக்கத்து மேசை சேர், உங்களுக்கான நன்றி இந்த இடத்தில். நீங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று சுவரில் எழுதியிருந்தது. வரிசையில் நின்ற நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஆள் எந்த முகவர் நிலையத்தின் சார்பில் வந்தார் என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் போன் எடுத்துக் கேட்கச் சொன்னீர்கள். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உரிமம் இல்லாமல் ஆள் திரட்டுவது 1985ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி குற்றம் என்றும், சந்தேகம் என்றால் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்றும் ஒரு துண்டில் எழுதித் தந்தீர்கள். அந்தத் துண்டு இன்னும் எங்கள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அம்மாவின் தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

"வந்ததுதான் வந்தீங்க, அந்த மிஸ்கிட்ட பதிஞ்சிட்டுப் போங்க" என்று நீங்கள்தான் கையைக் காட்டினீர்கள்.

மிஸ், அன்றைக்கு மழை. என் செருப்புச் சேறு உங்கள் தரை முழுக்க. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று எழுதிக்கொண்டே வந்து கல்வித் தகைமை என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். நீங்கள் படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, சிங்களம் கலந்த உங்கள் தமிழில் கேட்டீர்கள்: "தம்பி, கைக்கு என்ன வேலை தெரியும்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கு போனாலும் என்ன படித்திருக்கிறாய், எத்தனை பாஸ் என்பதுதான் கேள்வி. நான் சொல்லச் சொல்ல நீங்கள் தாளில் ஒவ்வொன்றாக எழுதினீர்கள். ஈஸ்ட் கரைப்பது, மாவு பிசைவது, நிறுத்து வெட்டுவது, அச்சில் போடுவது, போறணைச் சூடு பார்ப்பது, கணக்கு எழுதுவது. தாளின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போனது. எழுதி முடித்து, இதற்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், மறுபடி வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்று சொன்னீர்கள். நான் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாசிக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்ற பயிலுநர் பயிற்சி அதிகாரசபை போன்ற இடங்களில் படித்தும் எடுக்கலாம். வேலை செய்தே பழகியவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, ஆர்.பி.எல். என்பார்கள். முன்பே கற்றதை அங்கீகரிப்பது என்று பொருள். செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்து ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். மேசனுக்கும் தையல்காரருக்கும் வயரிங் செய்பவருக்கும் இதே வழிதான். எங்கள் ஆட்களில் கைத்தொழில் தெரிந்து காகிதம் இல்லாதவர்கள்தானே அதிகம்? அதனால் மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை என்பது என் எண்ணம்.

ஆதாரம் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பழைய பேக்கரி முதலாளி கடிதம் தர மறுத்துவிட்டார். பாஸ் அண்ணே, அப்போதுதான் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் புது வேலையில், அதுவும் இரவு வேலை. ஆனாலும் என்னோடு எத்தனை வருடம், என்னென்ன செய்தான் என்று இரண்டு பக்கம் சிங்களத்தில் கைப்பட எழுதி, அடையாள அட்டைப் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள். "மல்லி, கேக் ஐசிங் நீ சரியாப் பழகல்ல, அதை நான் எழுதல்ல" என்று போனில் சொன்னீர்கள். உண்மைதான். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை என்பதால்தான் அந்தக் கடிதம் நின்றது.

பழைய போனில் கிடந்த படங்களை மிஸ்ஸே உட்கார்ந்து பொறுக்கினார். நான் ஃபேஸ்புக்குக்காக எடுத்த படங்கள், போறணை வாயில் மாவு முகத்தோடு. அவற்றை அச்செடுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே திகதி எழுதி ஒட்டினோம்.

மதிப்பீட்டுக்கு ஒரு பேக்கரி வேண்டும். பசறை முதலாளி, என்னை உங்களுக்கு முன்பின் தெரியாது. மிஸ் ஒரு தடவை கேட்டதற்கு, பகல் நேரத்தில் போறணையையும் ஒரு மூடை மாவையும் விட்டுக் கொடுத்தீர்கள். மாவுக்குக் காசு நீட்டியபோது, பாண் நன்றாக வந்தால் நானே விற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்க மறுத்தீர்கள். எல்லாவற்றையும் அன்று பின்னேரமே விற்றீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மதிப்பீட்டாளர் சேர் ஒரு மூலையில் அட்டையும் பேனையுமாக நின்றார். நான் மாவுருண்டைகளை 510 கிராமாக வெட்டினேன். பாண் 450 கிராம்தானே, ஏன் கூட வெட்டுகிறாய் என்று கேட்டார். போறணைக்குள் தண்ணீர் வற்றும் சேர், குறைத்து வெட்டினால் வாங்குபவருக்கு நிறை குறையும் என்றேன். எழுதிக்கொண்டார். அப்புறம் போறணைச் சூடு எவ்வளவு என்று கேட்டார். நான் ஒரு பிடி மாவை அள்ளி உள்ளே தரையில் வீசினேன். அது வெள்ளையிலிருந்து மெல்லப் பழுப்பாகும் வேகத்தை வைத்துத்தான் நாங்கள் சூடு பார்ப்போம், உடனே கருகினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். "சரி, பாகையில் சொல்லு" என்றார். சொல்லத் தெரியவில்லை. எட்டு வருடத்தில் வெப்பமானியைத் தொட்டதே இல்லை. வியர்த்துவிட்டது. அவர் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து, எப்படிப் பிடிப்பது, எங்கே வாசிப்பது என்று காட்டினார். நான் "இப்போது சரி" என்று சொன்ன நேரத்தில் அதில் 220 இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். சேர், பரீட்சை எடுக்க வந்த இடத்தில் படிப்பித்துவிட்டும் போனீர்கள். அந்த மாத முடிவில் சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கினேன்.

மூன்றாம் மட்டச் சான்றிதழ் வந்தது. பதுளையில் நடந்த தொழில் சந்தைக்கு மிஸ் என்னை வரச் சொன்னார். பண்டாரவளைப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர்கள் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள், கோப்பில் இருந்த படங்களை அதைவிட அதிக நேரம் பார்த்தார்கள். அடுத்த வாரம் வேலை. முதல் சம்பளச் சிட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். என் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று அச்சடித்திருந்தது. அம்மா தோட்டத்தில் வேலை செய்பவர், ஈ.பி.எஃப். என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். சிட்டையை மடித்து, அந்த 1989 துண்டோடு சேர்த்து வைத்தார்.

இவ்வளவுக்கும் மிஸ் என்னிடம் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை. வேலை தேடுபவரிடம் காசு வாங்காமல் அரசு இந்தச் சேவையை நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 88ஆம் இலக்க உடன்படிக்கையில் எழுதியது 1948இல். அதை வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டமும் அதே 1948தான். அப்பாவின் அப்பா எந்த அரச மேசைக்கு முன்னாலும் உட்கார்ந்ததில்லை, நின்றுதான் பேசினார் என்று அம்மா சொல்வார். மிஸ், நீங்கள் அன்றைக்குச் சேற்றுக் காலோடு வந்த எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். அதை நீங்கள் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து படிவம் நிரப்புவது லேசான காரியம் இல்லை. இதை நான் போனில் சொன்னபோது, இடம் ஒழுங்கு செய்தால் தோட்டத்துக்கே வருகிறேன் என்றீர்கள். ஒழுங்கு செய்துவிட்டேன் மிஸ். பிரட்டுக்களத்துக்கு மேலே இருக்கும் வாசகசாலையைத் திறந்து தரத் தலைவர் சம்மதித்துவிட்டார். நாற்காலி கோயிலில் இருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். சிங்களத்தில் நிரப்ப உதவிக்கு ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன். முதல் ஆளாக உட்காரப் போவது என் தங்கச்சி. அவளுக்குத் தையல் தெரியும், ஓ.எல்.லில் கணிதம் அவளுக்கும் போய்விட்டது. நீங்கள் படிவங்களை மட்டும் கொண்டு வாருங்கள், பாண் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து
உங்கள் தம்பி