மண்ணுக்குள்ள கட்டுற சுவர எந்த தண்ணில டெஸ்ட் பண்ணாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கெமிக்கல் கழிவு மண்ணுல பரவாம இருக்க பூமிக்குள்ள தடுப்புச்சுவர் கட்டுறாங்கன்னு செய்தி வந்தா ஆழம் எவ்ளோ, செலவு எவ்ளோன்னுதான் போடுறீங்க, சுவர் எதால ஆனதுன்னு ஒரு வரி கூட இருக்கறதில்ல. எனக்கு அதுதான் முக்கியமா படுது.

நிறைய இடத்துல போடுறது பென்டோனைட் களிமண் சுவர். அகழி தோண்டும்போதே பென்டோனைட் கரைசல ஊத்திட்டே போவாங்க, அதோட அழுத்தத்துல பக்கம் சரியாது, அப்புறம் தோண்டின மண்ணையே பென்டோனைட்டோட பிசைஞ்சு நிரப்புவாங்க. சரியா செஞ்சா கசிவு செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு சுமார் 3 செ.மீ. கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது லேப்ல நல்ல தண்ணிய விட்டு அளந்த நம்பரா இருந்தா என்ன பிரயோஜனம்? சோடியம் பென்டோனைட் தண்ணிய இழுத்து உப்புறதாலதான் அடைக்குது. கழிவுல கால்சியம் உப்பு ஜாஸ்தியா இருந்தா சோடியம் இருந்த இடத்த கால்சியம் பிடிச்சுக்கும், உப்புற சக்தி போயிரும், கசிவு பல மடங்கு ஏறலாம். கடும் ஆசிட், சுத்தமான சால்வென்ட் (மத்த பொருள கரைக்குற கெமிக்கல்) பட்டாலும் ஆபத்துதான். அதனால அந்த இடத்து கழிவு தண்ணியவே எடுத்து சுவர் கலவை வழியா மாசக்கணக்குல விட்டு பாக்கணும், ஒரு வாரத்துல ரிப்போர்ட் குடுத்தா இந்த மாற்றம் முடிஞ்சே இருக்காது.

சிமெண்ட் சேத்தா சுவர் கெட்டியாகும், ஆனா சாதாரண சிமெண்ட் பென்டோனைட் கலவை பொதுவா இன்னும் கொஞ்சம் கசியும், சல்பேட் வேற அரிக்கும். இரும்பு ஷீட் பைல்னா, அதாவது தகடுகள ஒண்ணோட ஒண்ணு கோத்து மண்ணுக்குள்ள இறக்குறதுன்னா, ஜாயின்ட்தான் வீக், துருவும் பிடிக்கும். எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் ஷீட் தண்ணிய விடாது, அதுல சந்தேகம் இல்ல, ஆனா பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி சால்வென்ட் ஐட்டமெல்லாம் ஓட்டையே இல்லாம பிளாஸ்டிக்குக்குள்ள கரைஞ்சு அந்தப்பக்கம் வந்துரும் (சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க).

இன்னொண்ணு, சுவரோட அடி கெட்டி களிமண் அடுக்குலயோ பாறையிலயோ இறங்கி நிக்கணும், இல்லன்னா கழிவு அடியில புகுந்து போயிரும். உள்பக்கம் பம்ப் பண்ணி தண்ணி மட்டத்த வெளிய விட கம்மியா வெச்சா, கசிஞ்சாலும் தண்ணி உள்ளதான் வரும். பம்புக்கு கரண்ட் செலவும் ஆளும் வருஷக்கணக்குல வேணும், திட்டத்துல அத யாரும் எழுதறதில்ல.

அடுத்த தடவ இப்படி செய்தி போட்டா உங்க நிருபர் ரெண்டு கேள்வி கேக்கட்டும்: டெஸ்ட்டுக்கு எந்த தண்ணிய விட்டீங்க, எத்தனை மாசம் விட்டீங்க? பதிலோட சேத்து, சுவருக்கு வெளிய இருக்கற கண்காணிப்பு கிணறுகளோட ரிசல்ட்டையும் வாங்கி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்