ஊர்ப் பயணத்துக்கு முன் குடியுரிமை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாக் காலத்தையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டி ஊருக்குப் புறப்படுவோருக்கான விமானச் சீட்டு விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வரத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அவற்றைப் பார்த்துப் பயணத்துக்கு ஆயத்தமாகும் வாசகர்களில் ஒரு பகுதியினருக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமையும் பெற்று, அதன் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலே ஆண்டுகளைக் கடத்திவிட்டவர்களைத்தான் குறிப்பிடுகிறேன். நம்மவரிடையே அப்படிப்பட்டவர்கள் நினைப்பதைவிட அதிகம் என்பது, உறவினருக்கும் அயலவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்துவரும் எனது அனுபவம்.

அவர்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலை, மருத்துவக் காப்புறுதி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகிய எதிலும் நிரந்தர வதிவாளருக்கும் குடிமகனுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. வாக்களிக்க முடியாது, கனடியக் கடவுச்சீட்டு கிடைக்காது என்ற இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். குடும்ப அனுசரணையில் வந்தவருக்கு இது பெரும்பாலும் வசதிக்குறைவு மட்டுமே. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு நிலைமை வேறு.

‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவை வந்தடைந்தது 2010 ஆகஸ்டில். அதைத் தொடர்ந்த கடும் அரசியல் சூழலில் நிறைவேறிய குடிவரவுச் சட்டத் திருத்தங்களுள் ஒன்று 2012 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக்கு அஞ்சி ஒருவர் பாதுகாப்புக் கோரினாரோ, அந்த நாட்டின் பாதுகாப்பை அவர் தாமாக முன்வந்து மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிகள் பாதுகாப்புப் பிரிவு முடிவு செய்தால், அவருடைய அகதி நிலை மட்டுமன்றி நிரந்தர வதிவிட உரிமையும் அத்துடனேயே பறிபோகும் என்பதே அத்திருத்தம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதைக் காட்டி ஊருக்குப் போய்வருவதும் அத்தகைய ஏற்பின் அடையாளங்களாக எடுத்துக்கொள்ளப்படலாம். அந்த முடிவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல வழியில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி பெற்று நீதிமுறை மீளாய்வு, அதாவது அந்த முடிவு முறையாக எடுக்கப்பட்டதா என்ற பரிசீலனை, கோருவது மட்டுமே மிஞ்சும். இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, வரி கட்டினீர்களா, பிள்ளைகள் இங்கே பிறந்தவர்களா என்பவை தாமாகவே ஒருவரைக் காப்பாற்றிவிடமாட்டா.

நோயில் கிடக்கும் தாயைப் பார்க்கப் போவதும் குற்றமா என்று கேட்போரின் ஆதங்கம் நியாயமானதே. பயணத்தின் நோக்கம், இப்படியொரு விளைவு வரும் என்று அவர் உண்மையில் அறிந்திருந்தாரா என்பது, ஊரில் இருந்தபோது அவர் எடுத்த முன்னெச்சரிக்கைகள் முதலியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருப்பது ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆயினும் அந்த வாதங்களை முன்வைக்கும் நிலைக்கு ஒருவர் வருவதற்குள் வழக்குச் செலவும் உறக்கமில்லா இரவுகளும் அவரைத் தின்றுவிடும். கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் மீது இந்த ஏற்பாட்டைப் பிரயோகிக்க முடியாது. ஆகவே போவதற்கு முன் குடியுரிமை என்ற வரிசையை மாற்றக் கூடாது என்பதே நான் வலியுறுத்துவது.

ஏற்கனவே போய்வந்துவிட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. குடியுரிமை விண்ணப்பத்தில் கடந்த ஐந்தாண்டுப் பயணங்களையும் வைத்திருந்த கடவுச்சீட்டுகளையும் குறிப்பிட வேண்டியிருப்பதால், விண்ணப்பமே அதிகாரிகளை அந்தப் பழைய பயணங்களிடம் அழைத்துச் செல்லலாம். விசாரணை தொடங்கினால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. பயணங்களை மறைத்து எழுதுவது அதைவிடப் பெரிய ஆபத்து. இத்தகையோர் அகதிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கண்டு பேசிய பின்னரே கையொப்பமிட வேண்டும். படிவம் நிரப்புவதற்கு மட்டும் பணம் வாங்கும் முகவரோ, என்னைப் போன்ற தெரிந்தவரோ இதற்குப் போதாது.

பயணம் செய்யாதவர்களுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பழைய செய்திதான். 2015 ஜூன் முதல் 2017 ஒக்ரோபர் வரை ஆறு ஆண்டுகளில் 1,460 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றும், 14 முதல் 64 வயது வரையானோர் மொழித் தகைமையைக் காட்டிப் பரீட்சையும் எழுத வேண்டும் என்றும் விதி இருந்தது. அந்த நாட்களில் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று மூடிவைக்கப்பட்ட கோப்புகள் பல வீடுகளில் இன்னும் திறக்கப்படவில்லை. இப்போதைய விதிப்படி, கையொப்பமிடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் போதும். வதிவிட உரிமையைத் தக்கவைப்பதற்கான 730 நாட்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அகதியாக ஏற்கப்பட்ட நாளிலிருந்து வதிவிட உரிமை கிடைத்த நாள் வரையான காலம் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தால், ஒவ்வொரு நாளும் அரை நாளாக, மொத்தம் 365 நாட்கள் வரை கணக்கில் சேரும். மொழிச் சான்றும் பரீட்சையும் 18 முதல் 54 வயது வரையானோருக்கு மட்டுமே. 55 வயதைக் கடந்த தாய்க்கும் தந்தைக்கும் இரண்டுமே இல்லை. இளையோருக்கும் மொழிச் சான்று என்பது கேட்டலிலும் பேசுவதிலும் கனடிய மொழி அளவுகோலின் (CLB) நான்காம் நிலையே. பரீட்சையின் 20 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. வதிவிட அட்டை காலாவதியாகிவிட்டது என்பதும் விண்ணப்பிக்கத் தடையாகாது.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2014 பெப்ரவரிக்கு முன் பெரியவர் ஒருவருக்கு 200 டொலராக இருந்த தொகை இன்று 600 டொலரைத் தாண்டிவிட்டது. அதை முற்றாக நீக்குவதாக 2019 தேர்தலில் லிபரல் கட்சி கொடுத்த வாக்குறுதி காற்றோடு போனது. வாக்குக் கேட்டு நம் கோயில்களுக்கும் விழாக்களுக்கும் வருகின்ற வேட்பாளர்களிடம் இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சிறுவயதில் பெற்றோருடன் வந்து இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் குடிமக்கள் என்றே எண்ணிக்கொண்டிருப்பதும் உண்டு. அவர்களில் ஒருவர் குற்ற வழக்கொன்றில் சிக்கி ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்றால், நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமைகூட அவருக்கு இராது.

இலங்கைக் குடியுரிமை போய்விடுமே என்று தயங்குவோரும் உளர். இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக ஏற்போர் அதை இழப்பது உண்மையே. ஆனால் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற இலங்கைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டவர் அந்த விண்ணப்பத்தைக் கனடியக் குடியுரிமை கைக்கு வந்த பின் செய்வதே பாதுகாப்பானது.

விமானச் சீட்டு விளம்பரங்கள் வரும் பக்கத்திலேயே, கோடை முடியும் வரை வாரந்தோறும், அகதியாக ஏற்கப்பட்ட நிரந்தர வதிவாளர்கள் ஊருக்குப் பயணம் செய்வதால் ஏற்படக்கூடிய சட்ட விளைவை விளக்கும் சிறு அறிவித்தல் ஒன்றைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் வாசகத்தை அகதிச் சட்டத்தில் பயிற்சியுள்ள தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுவது உகந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஸ்காபரோ