இடுப்பில் ஆறாத புண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோல் புற்றுநோய் என்றாலே வெயிலைப் பற்றித்தான் பத்திரிகைகளில் வருகிறது. வெயிலும் காரணம்தான். ஆனால் செல்லூரில் உள்பாவாடை தைத்துப் பிழைக்கும் நான் பார்ப்பது வெயிலே படாத இடத்தில் வரும் புண்ணை.

அளவெடுக்கும்போது கவனிப்பேன். களையெடுக்கப் போகிற அக்காமார் பலருக்கு நாடா பதிந்த இடத்தில் தோல் கறுத்து, தடித்துக் கிடக்கும். குனிந்து நிமிரும்போது சேலை அவிழக்கூடாதே என்று இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். சுருக்குப்பையையும் அதிலேயே செருகிக்கொள்வார்கள். வியர்வையில் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். அது ஆறுவதற்குள் மறுநாள் அதே இடத்தில் அதே முடிச்சு. வருஷக்கணக்கில் இப்படிக் கிடக்கிற புண் சிலருக்குப் புற்றாக மாறிவிடுகிறது. அபூர்வம்தான், ஆனாலும் வருகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் கனோல்கர், வேட்டி கட்டும் ஆண்களுக்கு இடுப்பில் வரும் புற்றைப் பற்றி 1945-லேயே எழுதியிருக்கிறார். 2024-ல் மகாராஷ்டிரம், பீகார் டாக்டர்கள் இரண்டு பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. 18 மாதமாகப் புண் ஆறவில்லை. இன்னொருவருக்குப் புற்று தொடை இடுக்கு நெறிவரை (நிணநீர்க் கணுவரை) பரவியிருந்தது. அவர் உள்பாவாடையே கட்டாதவர், 40 வருஷமாகச் சேலையை மட்டும் இறுக்கிக் கட்டியவர். அப்படியென்றால் நாடாவை மட்டும் குறை சொல்ல முடியாது, இறுக்கம்தான் வினை.

வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் என் சித்தி, "நாடா அறுத்த புண்ணுதானேடி, மஞ்சள் வச்சா ஆறிடும்" என்றே நாளைக் கடத்தினார். ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் கசிந்து, வாடை வரவும்தான் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் மறித்தார்கள். அப்படியெல்லாம் பரவாது. அந்தச் சோதனை செய்யாமல் அது என்ன புண் என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சோதனையில் புற்றுதான் என்று தெரிந்தது. நெறிக்குப் பரவவில்லை என்பதால், சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து மூடினார்கள். அதோடு சரி. பரவியிருந்தால் நெறியையும் எடுத்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கவும் வேண்டி வந்திருக்கும்.

ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லையா, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் வந்தாலும், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கறுப்பு தெரிந்தாலும் அப்படியே. தோல் கறுத்திருந்தால் நாடாவைத் தளர்த்தி, கொஞ்சம் மேலேயோ கீழேயோ மாற்றிக் கட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது நைட்டியே போதும்.

விளக்குத்தூண் பக்கம் மொத்தமாகப் பாவாடை விற்கிற அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மெல்லிய நாடாவுக்குப் பதிலாக நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். கூடுதலாக ஆவது கொஞ்சம் துணியும் ஒரு தையலும்தான். நான் அப்படித்தான் தைத்துக் கொடுக்கிறேன், வாங்கிப் போனவர்கள் மறுபடியும் அதையே கேட்டு வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
செல்லூர், மதுரை.