பேர்க்லியில் ஒரு பீச் பழம்

அன்புள்ள மச்சான்,

அமெரிக்காவில இருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திட்டம். மகள் குடும்பம் சுகம். பேத்தி இப்ப கொஞ்சம் தமிழ் கதைக்கிறாள், பெரும்பாலும் சண்டை பிடிக்கத்தான்.

நீ கேட்ட சாப்பாட்டுக்கடைக்கு வருவம். கலிபோர்னியாவில, பேர்க்லியில் இருக்கிற ஷே பனீஸ். அலிஸ் வாட்டர்ஸ் என்ற அம்மா 1971 இல் தொடங்கினது. முதல் நாள் முழுச் சாப்பாடும் 3.95 டொலராம். இப்பத்தைய விலையை உனக்குச் சொல்லமாட்டன், பிரஷர் ஏறும். கீழ்த்தளத்தில் அண்டைக்கு அவை சமைக்கிறதுதான் சாப்பாடு. நாங்கள் போனது மேல்மாடிக் கஃபேக்கு. அங்க விரும்பினதைக் கேட்கலாம்.

முதலில் ஆட்டுப்பால் சீஸ், பாண்தூளில் பிரட்டிச் சுட்டது, பக்கத்தில் பச்சை இலைகள். இலையில் ஒரு சொட்டுத் தண்ணி நிக்கேல்லை, ஒரு கசங்கல் இல்லை. உறைப்புத் தேடின என்ர நாக்கு கொஞ்ச நேரத்தில் அடங்கிட்டுது. கடைசியாக ஒரு கிண்ணத்தில் பீச் பழம். வெட்டேல்லை, சீனி போடேல்லை. கத்தி பட்டதும் சாறு முழங்கை மட்டும் வழிஞ்சுது. "சமைக்காததுக்கும் பில்லோ?" என்று மனிசி என்ர காதுக்குள்ள கேட்டா.

சமையலை விட வாங்கிறதிலதான் அவையின்ர கெட்டித்தனம். எந்தத் தோட்டம், எந்த மரம், எண்டைக்குப் பழுக்கும் என்று பார்த்து வாங்குகினம். அதே மாநிலத்துச் சொனோமாவில் ஒரு தோட்டக்காரரோட பல வருசத் தொடர்பு. மரக்கறி கொண்டுவந்த வாகனம் சமையலறைக் கழிவைப் பசளைக்கு ஏத்திக்கொண்டு திரும்புமாம்.

அப்ப தோட்டம் செய்யிற உன்னைத்தான் நினைச்சன். 2021 மே மாதம் ஒரு அரசாங்க வர்த்தமானி வந்து இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டிச்சுது, இனிச் சேதனம், அதுதான் இயற்கைப் பசளை மட்டும் எண்டு. நவம்பரில் திரும்ப விட்டாலும் பெரும்போகம் தொடங்கியிட்டுது. சேதனம் என்ற சொல்லே உன்ர காதில் விழக்கூடாது என்று நீ ஏசினது நியாயம்தான். ஆனால் பிழை சேதனத்தில் இல்லை, மச்சான். பேர்க்லியில நல்ல விலைக்கு வாங்க ஒருத்தர் முதலில வந்து நிண்டார், மண் ஆறுதலாக மாறிச்சுது. இங்க கட்டளைதான் முதலில வந்துது. போதிய கூட்டெருவும் இல்லை, கூட விலை குடுக்க ஆளும் இல்லை.

இப்ப கொழும்பில் வாங்கிற சனம் இருக்கு. சனிக்கிழமையில ரேஸ்கோர்ஸில் கூடுற குட் மார்க்கட் என்ற இயற்கை விளைபொருள் சந்தையில் விலையைப் பார்த்து முகஞ்சுளிக்காமல் கீரை வாங்குகினம். உன்ர காணியில் ரெண்டு பரப்பை மட்டும் விட்டுப்பார், கத்தரியும் கீரையும் போதும். வெங்காயத்தில் கை வைக்காதே. இங்க ஆள் பிடிக்கிறது என்ர பொறுப்பு. பஸ்ஸில் போட்டுவிட என்ன செலவு வரும் என்று விசாரிச்சு எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்